எடுப்பு

கையாட்டிப் பிழைக்கிறவள் இவள்தானே என்று
குச்சியை என்னிடம் நீட்டினார்கள்.
முன்பிருந்தவர் பெங்களூர் போய் ஏழு வாரம்.
ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கண்டக்டர் ஆகிவிட்டேன் என்றதும்
எந்த ரூட் என்றான் தம்பி.

இரும்பாலையில் கிரேனுக்குக் கீழே நிற்பவள் நான்.
ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுழன்றால், தூக்கு.
உள்ளங்கை கீழே பார்த்தால், இறக்கு.
இரண்டு கையும் விரிந்தால் எல்லாம் நிற்கும்.
பன்னிரண்டு டன் சுருள்
என் விரலுக்குக் கட்டுப்பட்டு நகரும்.
இதில் என்ன பெரிய வித்தை என்றுதான்
ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். நேற்றைய சாம்பார் வாசனை.
பதினான்கு பேர்.
பல் டாக்டர் ரெஜினா முதல் வயலின்.
காபி எஸ்டேட் கணக்கர் தோமினிக்கிடம் செல்லோ.
அம்மாபேட்டை பேண்டு செட்டிலிருந்து,
முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும்,
பச்சியண்ணன், கிளாரினெட்.

கையைக் கீழே போட்டேன்.
ரெஜினா ஓரிடத்தில் தொடங்கினாள்,
தோமினிக் இன்னோரிடத்தில்,
பச்சியண்ணன் தொடங்கவே இல்லை.
"விழுந்தப்புறம் விழுந்துருச்சுன்னு சொல்லி என்னம்மா ஆவுது?
விழறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு குடு.
நாங்க ஊதுறவங்க."

மூச்சு.
எங்கள் சிக்னல் அட்டவணையில் அது இல்லை.

மூன்றுக்கு: கீழே, வெளியே, மேலே.
நான்குக்கு: கீழே, உள்ளே, வெளியே, மேலே.
இல்லாத ஒரு மேசையில்
எப்போதும் ஒரே இடத்தில் தட்ட வேண்டும்,
தட்டிய கை தானாக எகிற வேண்டும்.
என் மேசை பாருக்குப் பார் இடம் மாறியது.
இடது கை இன்னும் மோசம்.
பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரியைப் போல
வலதைப் பார்த்து அப்படியே காப்பியடித்தது.
வலது தட்டிக்கொண்டே இருக்க
இடது பன்னிரண்டு எண்ணி மெதுவாக எழ வேண்டும்,
பால் பொங்கும் வேகத்தில், ஆனால் வழியாமல்.
குளியலறையில் பழகினேன்.
சொம்பு நசுங்கியது.

மற்றவர்கள் வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.
என் வாத்தியத்துக்குச் சளி பிடிக்கிறது.
என் வாத்தியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வர வேண்டும்.
என் வாத்தியத்துக்கு இந்த வாரம் மச்சான் வீட்டில் காதுகுத்து.
சனிக்கிழமை வரை என்னிடம் இருப்பது
வெறும் கை.

இறங்கும் பஸ்ஸில் டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொன்றுக்கும் வளைவு தெரியும் முன்பே ஹாரன்.
வளைவில் போய் அடித்தால்
அது ஹாரன் இல்லை, ஒப்பாரி.

திங்கள், காலை ஷிஃப்ட்.
சுருளில் கொக்கி மாட்டியாயிற்று.
விரலைத் தூக்குமுன் என்னையறியாமல்
தோள் எழுந்து, வாய் திறந்து
ஒரு மூச்சு இழுத்தேன்.
மேலே கேபினில் வையாபுரி
லிவரைத் தொட்டவன் கையை எடுத்துவிட்டான்.
தலையை வெளியே நீட்டிக் கத்தினான்:
"அக்கா, எடுக்கணுமா வேணாமா?"

ஐந்தாவது ஞாயிறு.
ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து
பின்வரிசைத் தாள்களை நமுத்துப்போகச் செய்தது.
கடைசியில் பிரெஞ்சு ஹார்னோடு சுகிர்தா.
இருபத்து மூன்று பார் அவளுக்குச் சும்மா,
இருபத்து நான்கில் ஒரே ஒரு நீண்ட சுரம்.
பன்னிரண்டாம் பாரில் பார்த்தபோது
வாத்தியத்தைக் கவிழ்த்து
தண்ணீரை உதறிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு எண்ணிக்கை தவறியிருக்கலாம்.
எனக்கே பதினெட்டா பத்தொன்பதா என்று சந்தேகம்.
தோமினிக்கின் வில் திரும்புவதை வைத்துப் பிடித்துக்கொண்டு
ஒரு பார் முன்பாகவே
மூச்சோடு அந்தப் பக்கம் திரும்பினேன்.

ஹார்ன் உதட்டில் இருந்தது.
எவ்வளவு நேரமாகவோ
அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.